கவிழ்த்து வைத்த ரிப்போர்ட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என் மகன் கதிர் பல் துலக்கும்போது ஓங்கரித்தான். அவனுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் நேரம் அது, அதனால் சரியாக நினைவிருக்கிறது. ஒன்றும் வெளியே வரவில்லை. குழாயடியில் குனிந்தபடி இரண்டு முறை வெறும் சத்தம். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தான்.

“இந்தப் பேஸ்ட்டு நாத்தம் ஒத்துக்கலப்பா” என்றான்.

அன்று மாலை கடைக்குப் போய் வேறு பற்பசை வாங்கி வந்தேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன். காலையில் பல் துலக்கும்போது குமட்டுகிறதா என்று எத்தனையோ பேரிடம் நானே கேட்டிருக்கிறேன். சிறுநீரகம் கைவிட்டு, ரத்தத்தில் கழிவு ஏறும்போது முதலில் தெரியும் அடையாளங்களில் அது ஒன்று என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டுக் குழாயடியில் அதே சத்தம் கேட்டபோது பற்பசையை மாற்றினேன்.

இப்போது அந்தப் பிரிவை நடத்தும் ரேவதி என்னிடம் பயின்றவள். போன மாதம் அவள்தான் கேட்டாள். “எப்ப டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு புதுப் பசங்க கேக்கறாங்கண்ணா. நம்பரை மட்டும் பாத்துட்டு நிக்கறாங்க. பெரிய டாக்டர் எப்படிப் பாப்பாருன்னு எழுதிக் குடுங்க” என்றாள். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டேன். “அதனாலதாண்ணா உங்களைக் கேக்கறேன்” என்றாள். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

நான் பயின்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று அடிக்கடி மக்கர் செய்யும். தண்ணீர் சுத்திகரிப்பது, குழாய்களைக் கழுவுவது, ஊசி போடுவது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது, இவற்றைக் கற்க மூன்று ஆண்டுகள் ஆயின. இவையெல்லாம் கை வேலை. கை பழகிவிடும். யாரை, எந்த நாளில் அந்தக் கட்டிலில் படுக்கவைப்பது என்பதுதான் பழகவே பழகாத வேலை. அதைச் செய்தவர் பெரிய டாக்டர்.

நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். ஜேடர்பாளையம் பக்கத்துக்காரர். வாழையும் வெற்றிலையும் போட்ட குடும்பம். நோயாளியின் வீட்டார் யாராக இருந்தாலும், கூலிக்காரராக இருந்தாலும் மில் முதலாளியாக இருந்தாலும், ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். எங்களுக்குத்தான் ‘ப்பா’. கோபம் வந்தால் ‘டா’.

அவருடைய அறையில் நோயாளிக்கான நாற்காலி கதவிலிருந்து மிகத் தள்ளி, ஜன்னலோரம் இருக்கும். இடவசதிக்காக என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. கதவிலிருந்து நாற்காலிக்குப் பன்னிரண்டு எட்டு. அந்தப் பன்னிரண்டு எட்டையும் அவர் பார்ப்பார். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாரா, சுவரைத் தொடுகிறாரா, உட்கார்ந்ததும் வாயைத் திறக்கிறாரா. வந்தவர் முதலில் நீட்டுவது ரிப்போர்ட்டைத்தான். வாங்கிக்கொள்வார். படிக்கமாட்டார். மேசைமேல் கவிழ்த்து வைத்து, தாள் பறக்காமலிருக்க வைத்திருக்கும் கண்ணாடி உருண்டையை மேலே வைத்துவிடுவார்.

பிறகு, “பஸ்ஸை நிறுத்தற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க” என்பார். உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்களை விரித்து, முப்பது எண்ணும்வரை. கழிவு மூளையைத் தொட்டிருந்தால் மணிக்கட்டு சட்டென்று விழுந்து எழும், கோழி சிறகடிப்பதுபோல. அடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்துவார். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு, “எடை பாத்துட்டு வாங்க” என்று நோயாளியை வெளியே அனுப்புவார். எடை ஒரு சாக்கு. நோயாளி கதவைத் தாண்டியதும், கூட வந்தவர்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

“இவருக்குச் சோறு போடறது யாருங்க?”

மனைவியோ மருமகளோ முன்னால் வருவார். அவரிடம் கேட்பார். பத்து நாளாக எவ்வளவு சாப்பிடுகிறார், எதை முதலில் வேண்டாம் என்றார், கறிக்குழம்பு வாசத்துக்கு எழுந்து போகிறாரா, தட்டில் எவ்வளவு மிச்சம். நோயாளி பொய் சொல்வார். டயாலிசிஸுக்குப் பயந்தவர் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பார். வேலைக்குப் போகப் பிடிக்காதவர் ஒன்றும் இறங்கவில்லை என்பார். சோறு போடுபவருக்குப் பொய் சொல்லத் தோன்றாது. இத்தனையும் முடிந்த பிறகுதான் கண்ணாடி உருண்டை நகரும், ரிப்போர்ட் நிமிரும்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வருவார். கிரியாட்டினின் ஒன்பது. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது, ஒன்றைச் சுற்றி இருக்கவேண்டும். “என் மச்சானுக்கு ஏழுக்கே மிஷின் வச்சுட்டாங்க சார். எனக்கு மட்டும் ஏன் வைக்கமாட்டேங்கறீங்க? காசு கட்டமாட்டேன்னு சந்தேகமா?” என்று சண்டை போடுவார். பெரிய டாக்டர் சிரிப்பார். “பன்னெண்டு எட்டும் பாட்டுப் பாடிட்டே வந்தீங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க” என்பார். இப்படிப் பதினைந்து நாள் பதினைந்து நாளாக அவருக்கு ஓராண்டு கிடைத்தது, ஊசி இல்லாமல், கட்டில் இல்லாமல்.

வேறு சிலர் வேறு பயத்தோடு வருவார்கள். “ஒருக்கா மிசின்ல படுத்துட்டா அப்பறம் உடவே முடியாதாமுங்களே?” என்பார்கள்.

“ஆமாங்க. சோறும் அப்படித்தானுங்க. ஒருக்காத் திங்க ஆரம்பிச்சு யாரு உட்டாங்க?”

அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது. நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களைப் பிடிப்பதுதான் அவருடைய வேலை.

அதை நான் பிடிக்கத் தவறியது ஆட்டையாம்பட்டி பழனிச்சாமி விஷயத்தில். தறி ஓட்டுபவர், ஐம்பது வயதுக்குள். அப்போது எனக்கு வேலையில் ஐந்தாவது ஆண்டு. ஓரளவு தெரியும் என்ற நினைப்பு வந்திருந்தது. ஒரு நாள் வராந்தாவில் பெரிய டாக்டருக்காகக் காத்திருந்த அவருடைய மனைவி செல்லம்மா, ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். மூன்று மாத எண்கள். ஏழு புள்ளி இரண்டு, ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி மூன்று. எடை மூன்று மாதமும் ஐம்பத்தெட்டுக் கிலோ, மாறவில்லை.

“கொறஞ்சிருக்குங்க. நல்லாருக்கு” என்றேன்.

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உள்ளே பெரிய டாக்டர் பன்னிரண்டு எட்டைப் பார்த்தார். கால் அழுத்தினார், குழி நிரம்பவே இல்லை. பழனிச்சாமியை எடை பார்க்க அனுப்பிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். செல்லம்மா முன்னால் வந்தார்.

“நாந்தானுங்க. தட்டுல மிச்சமே வெக்கமாட்டாருங்க. நானே கொஞ்சமாத்தான் போடறனுங்க. அதென்னமோ, கையில கட்டுன தாயத்து மட்டும் நிக்கமாட்டேங்குதுங்க. முழங்கைக்கு எறங்கீருது. மூணு வாட்டி கயித்தைச் சுருக்கிக் கட்டிட்டேன்.”

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், இன்றே சேர்த்துவிடலாம், நாளை காலை டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம் என்றார்.

“கொறஞ்சிருக்குதுன்னு அந்தத் தம்பி சொன்னாரேங்க?”

அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் எண் இறங்கும், சிறுநீரகம் தேறியதால் அல்ல. “கறி போன எடத்துல தண்ணி நிக்குதுங்க. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் மனிதர்கள் தாங்கள் கேட்க விரும்பியதைச் சொன்னவனைத்தான் நம்புகிறார்கள். மாரியம்மன் பண்டிகை முடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். ஒன்பதாம் நாள் நுரையீரலில் நீர் கோத்து, வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தோம். இதயத்தைச் சுற்றியும் நீர் கட்டியிருந்தது. மூன்றாம் முறைக்கு நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

செல்லம்மா என்னைத் திட்டவில்லை. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்களே சாமி” என்றார். அவ்வளவுதான். உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

பெரிய டாக்டரும் திட்டவில்லை. மறுநாள் காலை முதல் நோயாளி எடை பார்க்கப் போனதும், “செல்வராசு, இனிமே நீ கேளுப்பா” என்றார். அன்றிலிருந்து, அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும், சோறு போடுவது யார் என்று கேட்பது என் வேலையானது. நோயாளியின் மேல்கையை விரல்களால் வளைத்துப் பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

இவ்வளவும் தெரிந்த என் வீட்டில்தான் அது நடந்தது.

கதிருக்கு இருபத்து மூன்று வயதில் சிறுநீரில் புரதம் போவது தெரிந்தது. மாத்திரைகளால் மூன்று ஆண்டு ஓட்டினோம். கிரியாட்டினின் நான்கைத் தாண்டிய மாதம் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயது. எல்லோரும் ஏன் என்றார்கள். மகனுக்குச் சமைக்க என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சரோஜா ஆத்தூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. ராசிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். சமையலறை எனக்கு வந்தது.

ஒரு சின்னத் தராசு வாங்கினேன். அரிசி இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம். காய்கறியை வேகவைத்து நீரைக் கொட்டி, மறுபடி வேகவைப்பேன். தக்காளி இல்லை, ஊறுகாய் இல்லை, உப்பு விரல் நுனியளவு. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பிறகும் அளவைச் சற்றுக் குறைப்பேன். கதிர் மறுக்காமல் சாப்பிடுவான். தட்டு எப்போதும் காலியாகவே திரும்பும்.

“என்னைப் பெத்தது அம்மாவா, உங்க தராசாப்பா?” என்பான். பிறகு, “போதும், இதே சரியாருக்குது” என்பான். சரியாக இருக்கிறது என்று அவன் சொன்னது எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

ஆறு புள்ளி எட்டு. ஆறு புள்ளி ஐந்து. ஆறு புள்ளி ஒன்று. எடை அறுபத்திரண்டு, மாறவில்லை. ரேவதியைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் இளைய டாக்டர், டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை சிகிச்சையை இப்போதே செய்துவிடலாம், அது பக்குவமாக இரண்டு மாதமாகும் என்றார். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது எதற்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா, “ஏனுங்க, பையன் ரொம்பக் கொஞ்சமாத் திங்கறானாட்ட இருக்குதே” என்றாள்.

“நான் போடறதே அவ்வளவுதான். கணக்குப்படி போடறேன்” என்று எரிந்து விழுந்தேன்.

அதில்தான் எல்லாம் இருந்தது. அவனுக்குப் பசி குறையக் குறைய நான் அளவைக் குறைத்தேன். தட்டில் மிச்சம் விழ வழியே இல்லை. மிச்சத்தைத் தேடிப் பழகிய என் கண்ணுக்குக் காலித் தட்டு நலமாகத் தெரிந்தது. கறி வாசத்துக்கு எழுந்து போகிறானா என்று பார்க்க முடியாது, நான்தான் கறியை நிறுத்திவிட்டேனே.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு விக்கல் வந்தது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினான். வெயில் என்றான், நானும் வெயில் என்றேன். வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அளவெடுத்து வரைபடம் போடும் வேலை. எட்டாம் நாள் மதியம், அங்கே வெல்டராக இருக்கும் மணி போன் செய்தான்.

“அப்பா, நீங்க கொஞ்சம் வாரீங்களா? கதிரு டேப்பப் புடிச்சு அளவெடுக்கறான், நாலு வாட்டி கீழ உட்டுட்டான். பசங்க, என்னடா மாப்ள, நேத்து சரக்கான்னு ஓட்டறாங்க. எனக்கென்னமோ பயமாருக்குதுங்க. கையி தானா அடிச்சுக்குது.”

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாதி கட்டிய லாரியின் நிழலில் கதிர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டுகூட இருக்காது. நான்காவதில் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“கையை நீட்டு சாமி” என்றேன். “பஸ்ஸை நிறுத்தற மாதிரி.”

நீட்டினான். எண்ணத் தொடங்கினேன். ஆறுகூட எண்ணவில்லை, இரண்டு மணிக்கட்டும் சிறகடித்தன. அங்கேயே நின்று ரேவதிக்குப் போன் செய்தேன். பட்டறை முதலாளியின் காரில் மணி எங்களைச் சேலத்துக்குக் கொண்டுவந்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் நான் நின்ற அதே பிரிவு. கதிரைச் சாய்த்து உட்காரவைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். இளைய டாக்டர் கால் அழுத்திப் பார்த்தார், மார்பில் கேட்டார். இன்றே தொடங்கவேண்டும், கையில் ரத்தக்குழாய் தயாராக இல்லாததால் கழுத்தில் குழாய் போடவேண்டும் என்றார். ரேவதி இயந்திரத்தைத் தயார் செய்யப் போனாள். சம்மதத் தாளைக் கதிரிடம் நீட்டினார்கள். அவன் கண்ணைத் திறந்து, “அப்பா சொல்லட்டும்” என்றான். பேனா என்னிடம் வந்தது.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, மூன்று மாத ரிப்போர்ட்டையும் இளைய டாக்டருக்குக் காட்டினேன்.

“ஆறு புள்ளி ஒண்ணுதானுங்க இருக்கு. கொறஞ்சுட்டு வருது. இன்னும் ரெண்டு நாள் மருந்துல பாக்கலாமில்லீங்களா?”

அவர் பதில் சொல்லுமுன் ரேவதி திரும்பினாள். “அண்ணா, போனைக் கவுத்து வைங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நீங்க பட்டறையில இருந்து பேசுன ஒடனேயே பெரிய டாக்டருக்குச் சொல்லிட்டேன். கௌம்பி வந்துட்டிருக்காரு. அவரு வார வரைக்கும் பொறுக்கலாம். அதுக்கு மேல ஒரு நிமிசம் பொறுக்க முடியாது.”

சரோஜா பள்ளியிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். மகனின் காலடியில் போய் நின்றாள். கதிருக்கு மருத்துவமனை உடை மாற்றிய பெண் அவனுடைய சட்டை, பேன்ட், பெல்ட்டை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரன் போட்ட துளைகளுக்கு உள்ளே புதிதாக மூன்று துளைகள் இருந்தன. பட்டறையில் தார்ப்பாய்க்குத் துளை போடும் உளியால், அளவெடுத்து, ஒரே இடைவெளியில், நேர்த்தியாகப் போட்டிருந்தான். அவன் கை அப்போது நடுங்கியிருக்கவில்லை. மாதத்துக்கு ஒன்றாக இருக்கலாம். நான் பயந்துவிடுவேன் என்று சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். முழங்கைக்கு இறங்கிய தாயத்து நினைவுக்கு வந்தது. செல்லம்மாவும் இப்படித்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாரோ, அவருக்குக் கையெழுத்துப் போட வருமோ வராதோ, அதைக்கூட அன்று நான் கவனித்ததில்லை.

கதிர் இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறான். வாரத்துக்கு மூன்று நாள் அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் வருகிறேன். நல்ல நாளும் இருக்கிறது, மோசமான நாளும் இருக்கிறது. தராசைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இருந்தாலும் காலையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன். அவன் கொப்பளித்து முடிக்கும்வரை என்னால் வேறு எதுவும் செய்ய முடிவதில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். நாங்கள் கேட்ட கேள்விகளை மறக்காதீர்கள். உங்கள் வீட்டாருக்கு என்று வரும்போது நீங்களே கேட்டுக்கொள்ளாதீர்கள். வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கதிரைச் சேர்த்த அன்று மாலை நாலரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். தோட்டத்திலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார், வேட்டி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. தலை முழுவதும் நரைத்துவிட்டது. ரேவதி நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கினார், படிக்காமல் மருந்து மேசையில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடி உருண்டை இல்லாததால் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்தார். கதிரின் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காலை அழுத்தினார். மேல்கையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்தார். இரண்டு விரல்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அவனை எடை பார்க்க அனுப்ப முடியாது. ஆகவே அவரே கட்டிலை விட்டுத் தள்ளி, கதவருகே நின்ற எங்களிடம் வந்தார்.

என்னை அவருக்குத் தெரியாததுபோல இருந்தது அவர் முகம். கோபம் இல்லை. யார் வீட்டாரிடமும் பேசும் அதே பதமான குரலில், சரோஜாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் பையனுக்குச் சோறு போடறது யாருங்க?”